எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை

போன வருஷம் என் விசிட்டிங் கார்டைப் பார்த்திருந்தால் நீங்கள் எழுந்து நின்று கும்பிட்டிருப்பீர்கள். பெயர், பக்கத்தில் பி.காம். அதற்குக் கீழே வரிசையாக: எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், கணக்கு எழுதித் தரப்படும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பான் கார்டு, ஆயுள் காப்பீடு, பிளஸ் டூ அக்கவுண்டன்ஸி டியூஷன், திருமண அழைப்பிதழ், கடை நோட்டீஸ், வாழ்த்து மடல், மேடைப்பேச்சு தயாரித்துத் தரப்படும். எண்ணிப் பாருங்கள், பதினொன்று. இதற்கே இடம் போதாமல் எழுத்தைப் பொடியாக்கி, போன் நம்பரைப் பின்பக்கம் போட வேண்டியதாயிற்று.

''கைரேகை பார்க்கப்படும்கிறது மட்டும் விட்டுப் போச்சு'' என்றாள் மனைவி.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். மாதச் சம்பளம் வாங்காதவனுக்குத்தான் தெரியும் அந்த பயம். 'இந்த வேலை நமக்கு வராது, வேற ஆளைப் பாருங்க' என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், படியேறி வந்த லட்சுமியைப் பிடித்துத் தள்ளிய மாதிரி ராத்திரி பூரா தூக்கம் வராது. அதனால் யார் எதைக் கேட்டாலும், ''ஓ, பண்ணிடலாமே!'' நடுவில் ஒருவர் நாய்க்குப் பெயர் வைக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, மார்ச் மாதக் கடைசியில் குடை சாய்ந்தது.

மார்ச் கடைசி என்றால் கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர் கடை மாதிரி. அந்த வாரம்தான் எங்கள் விருதுநகரில் சேவுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நோட்டீஸ் வேண்டுமென்றார். தெரிந்த ஒருவர் மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை கேட்டார். ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஒரு கண்ணில் வாடிக்கையாளரின் இருப்புக் கணக்கும் மறு கண்ணில் தூக்கமுமாக, இதிலிருந்து வெட்டி அதில் ஒட்டி, அதிலிருந்து வெட்டி இதில் ஒட்டி, இரண்டையும் முடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

நான்காம் நாள் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கையில் பத்திரிகை. ''கடைசி வரியைப் படிங்க தம்பி'' என்றார்.

'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்று இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போனேன்.

'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.'

''பொண்ணு வீட்ல கேக்காங்க. 'உங்களுக்கு வேற கிளை உண்டான்னு நாங்க கேக்கவே இல்லையே, நீங்களா எதுக்கு இல்லைன்னு சொல்றீக?'ன்னு கேக்காங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?''

என்ன சொல்வது! 600 பத்திரிகைகளையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். 9,000 ரூபாய். பத்திரிகை எழுதியதற்கு நான் பேசியிருந்த கூலி 500. சேவுக் கடை அண்ணாச்சி மட்டும் கோபிக்கவில்லை. அவர் நோட்டீஸில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று போயிருந்தது. ''நல்லாத்தான இருக்கு. குடும்பத்தோட வந்து வாங்கிட்டுப் போறாங்க'' என்றார். அவர் பெரிய மனுஷர்.

இது நடந்த பத்தாம் நாள், அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். அங்கேயும் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யாருக்கோ வாழ்த்து மடல் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மடலை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு பெண் அம்மாவின் பெயரைப் பதிந்துகொண்டாள். இன்னொருத்தி எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். அடுத்தவள் கண் அழுத்தம் பார்த்தாள். வேறொருத்தி சொட்டு மருந்து விட்டாள். ஒருத்தி லென்ஸுக்கு அளவெடுத்தாள். இன்னொருத்தி உட்கார வைத்து ஆபரேஷன் என்றால் என்ன, என்ன செலவு, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லாம் நம் பக்கத்துக் கிராமத்துச் சாயலில் சின்னப் பெண்கள். இவ்வளவுக்கும் நடுவில் டாக்டர் வந்து பார்த்தது கொஞ்ச நேரம்தான்.

''ஏப்பா, இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து டாக்டரை ரெண்டு நிமிஷந்தான பாத்தோம்?'' என்றாள் அம்மா.

எனக்கும் முதலில் அதே குறைதான். பிறகு அங்கே இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் புரிந்தது. டாக்டரால் மட்டுமே முடிந்த வேலை எதுவோ, அது மட்டும்தான் அங்கே டாக்டருக்கு. மற்றதெல்லாம் அதற்கென்றே பயிற்சி கொடுத்துத் தயார் செய்த பெண்களுக்கு. கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி தருகிறார்கள். ஆபரேஷன் அறையில் டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அவர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். இது முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நோயாளி எப்போது வருவார், கத்தரி எங்கே, பஞ்சு எங்கே என்று டாக்டர் தேடுவதில்லை. பெண்கள் மேல்கண்ட ஒவ்வொரு வேலையிலும் கை தேர்ந்துவிடுகிறார்கள். டாக்டரின் நாளில் வீணாகும் நிமிஷமும் இல்லை. அந்த மிச்சத்தில்தான் பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கிக்கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகவும் செய்ய முடிகிறது.

இதை ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதை அதைவிட சுவாரஸ்யம். 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். அவர் ஆக ஆசைப்பட்டது கண் டாக்டராக அல்ல, பிரசவம் பார்க்கும் டாக்டராக. முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் போட்டது. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. பிரசவ டாக்டர் கனவு போயிற்று. கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணல் விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 2006-இல் காலமானார்.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஹோட்டல்! ஊருக்கு ஊர் ஒரே தரத்தில், ஒரே மாதிரி, சீக்கிரமாக, மலிவாக ஹாம்பர்கர் கொடுக்க முடிந்தால் கண் ஆபரேஷனை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டவர் அவர்.

அந்த மெக்டொனால்ட்ஸ் கதையும் நம் கதைதான். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் 1940-இல் கடை போட்டார்கள். மெனுவில் 25 ஐட்டம். காருக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் பெண்கள். பீங்கான் தட்டு, ஸ்பூன், ஃபோர்க் சகிதம். கடை நன்றாகத்தான் ஓடியது. கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது விற்பனையில் பெரும்பகுதி ஹாம்பர்கரால் வருகிறது என்று தெரிந்தது. 1948-இல் என்ன செய்தார்கள்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூன்று மாதம் இழுத்து மூடினார்கள். திறந்தபோது மெனுவில் ஒன்பதே ஐட்டம். தட்டு இல்லை, ஸ்பூன் இல்லை, காருக்கு வரும் பெண்கள் இல்லை. 30 சென்ட் ஹாம்பர்கர் 15 சென்ட்.

உடனே கூட்டம் அலைமோதியதா? இல்லை. பழைய வாடிக்கையாளர்கள் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வியாபாரம் படுத்தது. அண்ணனும் தம்பியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம்தான் பிடித்துக்கொண்டது. (இந்த 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஞானோதயம் மாதிரி ஒன்று வந்தது. டாக்டருக்கு ஆபரேஷன். அந்தச் சகோதரர்களுக்கு ஹாம்பர்கர். சரி, எனக்கு?

இங்கேதான் சிக்கல். என் பலம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத்து! வேறென்ன? இருந்தாலும் ஒரு உறுதிக்காக நாலு பேரிடம் கேட்டேன். 'என்கிட்ட உங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்த விஷயம் எது?' இதுதான் கேள்வி. நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ஒரு பத்திரிகை உதவி ஆசிரியர். ''நீங்க சொன்ன தேதிக்குக் கட்டுரை அனுப்பிடறீங்க சார்'' என்றார். அப்புறம் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்து, சேவுக் கடை அண்ணாச்சி. ''வரி ஆபீஸ்லேருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க வந்து அஞ்சு நிமிஷம் பேசுனீங்க. அன்னைக்குத்தான் தம்பி தூங்குனேன்.'' இது பாராட்டா, என் பேச்சைப் பற்றிய விமர்சனமா என்று புரியவில்லை.

மூன்றாவது, என்னிடம் டியூஷன் படித்து இப்போது பேங்கில் இருக்கும் பையன். ''டெபிட், கிரெடிட்டைக் கல்யாண வீட்டு மொய் நோட்டை வச்சுச் சொல்லித் தந்தீங்களே, அது இன்னும் மறக்கல சார்.''

கடைசியாக மனைவி. அவள் யோசிக்கவே இல்லை. ''எங்கப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி விக்கப் போனீங்களே! பொடி எழுத்துல இருக்கறதை எல்லாம் வரி வரியா, அழகா, புரியற மாதிரி விளக்கினீங்க. அவரும் நல்லாப் புரிஞ்சுக்கிட்டு, 'எனக்கு வேண்டாம் மாப்ளே'ன்னுட்டார்.''

நாலு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டீஸ், மொய் நோட்டு, பொடி எழுத்து. மனுஷனைப் பயமுறுத்துகிற காகிதத்தை வாங்கிப் படித்து, அது என்ன சொல்கிறது என்று வாய்ப்பேச்சில் சொல்லிவிடுவது. இதுதான் அவர்களுக்கு என்னிடம் உபயோகமாக இருந்திருக்கிறது. கார்டிலிருந்த பதினொரு வரியில் இது இல்லை! இதற்கு நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதும் இல்லை. அண்ணாச்சி ஒரு பொட்டலம் சேவு கொடுப்பார், அதோடு சரி.

ஏன் போடவில்லை என்று யோசித்தேன். அது எனக்கு வேலை மாதிரியே தெரியவில்லை. ராத்திரி ஒன்றரை மணி வரை கண் விழித்து, தலையைப் பிய்த்துக்கொண்டு செய்தால்தான் அது உழைப்பு, அதற்குத்தான் கூலி கேட்கலாம் என்று நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. சுலபமாக வருவதை, 'இது என்ன பிரமாதம், எல்லாருக்கும் வரும்' என்று ஒதுக்கிவிடுகிறோம். எல்லாருக்கும் வராது. அண்ணாச்சிக்கு வரவில்லையே, இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தாரே!

அன்று ராத்திரி மனைவி நோட்டை எடுத்தாள். ''காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சவர்தானே? ஊர்க் கணக்கெல்லாம் பாக்கறீங்க, உங்க கணக்கைப் பாருங்க'' என்று பதினொரு வேலைக்கும் மணியையும் ரூபாயையும் எழுத வைத்தாள். வாழ்த்து மடல்: 5 மணி நேரம், 300 ரூபாய். மேடைப்பேச்சு: 7 மணி நேரம், ஒரு பொன்னாடை. மொழிபெயர்ப்பு: 30 மணி நேரம், 'அடுத்த மாசம் தர்றேன் சார்.' வருமானத்தில் முக்கால்வாசி மூன்றே வேலையில் வந்துகொண்டிருந்தது. கடைகளுக்குக் கணக்கு பார்ப்பது, டியூஷன், இந்த மாதிரி பத்தி எழுதுவது. மூன்றிலும் நான் செய்வது ஒரே காரியம்தான், புரியாததைப் புரிய வைப்பது.

மற்ற எட்டை என்ன செய்வது? பான் கார்டை பிரவுசிங் சென்டர் தம்பிக்குக் கொடுத்தேன். அழைப்பிதழ், வாழ்த்து மடல், மேடைப்பேச்சு, கடை நோட்டீஸ் எல்லாம் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. (ஐயா எழுதின முதல் அழைப்பிதழிலேயே எதுகை மோனை துள்ளியது. கிளைகளைப் பற்றிய குறிப்பு ஏதுமில்லை.) இன்ஷூரன்ஸை மாமனாரோடு மூடியாயிற்று. மொழிபெயர்ப்புக்கு ஒரு கும்பிடு. மிச்சம் இருந்தது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். பில்களைப் பார்த்து வரிசையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.

அதற்கு அடுத்த தெருவில் பி.காம். முடித்த ஒரு பெண்ணைச் சேர்த்தேன். முதல் நாளே எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஒரு மணி நேரத்தில் செய்வதை அந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் செய்தது. 'இதை நானே வேகமாச் செஞ்சிருப்பேனே, எதுக்கு சம்பளம் வேற!' உங்களுக்கும் இந்த அரிப்பு இருக்கும். அரிப்புக்கு மருந்து கல்லூரியில் படித்து மறந்த ஒரு பாடத்தில் கிடைத்தது.

1817-இல் டேவிட் ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் ஒரு கணக்கு போட்டார். இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஒரு வருஷத்துக்கு 100 ஆள் வேண்டும், ஒயின் தயாரிக்க 120 ஆள். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 ஆள், ஒயினுக்கு 80. பார்த்தீர்களா, இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியென்றால் இரண்டையும் போர்ச்சுகலே செய்துகொள்ளலாமே? கூடாது என்கிறார் ரிக்கார்டோ. 80 ஆளைப் போட்டு ஒயின் தயாரித்து, அதைக் கொடுத்து இங்கிலாந்திடம் துணி வாங்கினால் போர்ச்சுகலுக்கு 10 ஆள் மிச்சம். 100 ஆளைப் போட்டுத் துணி நெய்து ஒயின் வாங்கினால் இங்கிலாந்துக்கு 20 ஆள் மிச்சம். இரண்டு பேருக்கும் லாபம். கேள்வி, 'யார் இதை நன்றாகச் செய்வார்?' என்பதல்ல. 'இதைச் செய்யும் நேரத்தில் நான் எதைச் செய்யாமல் விடுகிறேன்?' என்பதுதான்.

அரவிந்தில் டாக்டர் நினைத்தால் அந்தப் பெண்ணைவிடச் சீக்கிரமாகவேகூடச் சொட்டு மருந்து விடலாம். விட்டால் அந்த நேரத்தில் ஒருவர் பார்வைக்குக் காத்திருப்பார். நான் பில் ஏற்றினால் இன்னோர் அண்ணாச்சி தூங்காமல் கிடப்பார்.

சரி, உடனே பணம் கொட்டியதா என்று கேட்பீர்கள். 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்று சொன்னேனே, அந்த இடம் வந்துவிட்டது. எட்டு வேலையை விட்டதில் மே மாதம் வருமானத்தில் 7,000 ரூபாய் குறைந்தது. ஜூனில் பையனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். மனைவியின் வளையல் இரண்டும் பேங்குக்குப் போயின. ''மூடின கடையை மறுபடி திறந்துடட்டுமா?'' என்று கேட்டேன். ஒரு மேடைப்பேச்சுக்கு அன்றுதான் ஆள் வந்திருந்தது. இந்த முறை பொன்னாடை இல்லை, ரொக்கம். அவள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ''ஐயா வீட்டை வழி காட்டி விடுங்க'' என்றாள்.

வளையல் நவம்பரில் திரும்பி வந்தது. அண்ணாச்சி சொல்லி வந்தவர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள் என்று இப்போது மாதாமாதம் பதினாலு கடைகளுக்குப் போய் உட்கார்ந்து காகிதங்களைப் படித்துச் சொல்கிறேன். முதல் தடவை கூலி கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. கொடுத்தவர்கள் சாதாரணமாகத்தான் கொடுத்தார்கள். பணக்காரனாகிவிடவில்லை. பழைய வருமானத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறேன்.

எல்லாராலும் இப்படி வெட்டிவிட முடியும் என்று சொல்ல மாட்டேன். அன்றாடம் கிடைத்தால்தான் அடுப்பெரியும் என்பவரிடம் போய், 'உங்கள் பலத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று உபதேசம் செய்தால் அடிக்க வருவார், அடிக்கவும் வேண்டும். எனக்கு அடகு வைக்க வளையல் இருந்தது, கொடுக்க மனைவிக்கு மனசு இருந்தது. அது இரண்டும் சேர்ந்துதான் என் முதலீடு.

போன வாரம் அண்ணாச்சியிடம் கேட்டேன், ''ஏன் அண்ணாச்சி, கடையில லட்டு, ஜாங்கிரி எல்லாம் போடலாமே?''

''தீபாவளிக்குத் தீபாவளி கேக்கத்தான் செய்றாங்க. கேட்டா போட்டுருவமா? லட்டு போட்டா சேவு கருகும் தம்பி. ஒரு அடுப்புக்கு ஒரு கண்ணு வேணும்.''

புதுக் கார்டு அடித்துவிட்டேன். பெயர், கீழே மூன்றே வரி. போன் நம்பர் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ''ஆபரேஷன் பண்ணது நல்லதாப் போச்சுப்பா. எழுத்தெல்லாம் எவ்வளவு பெரிசாத் தெரியுது!''

எழுத்து நிஜமாகவே பெரிதுதான், எட்டு வரி போன இடம் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பெருமை டாக்டருக்கே இருக்கட்டும்.

பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று மனைவி கேட்டாள். அங்கேயும் ஒரு வரி போட ஆசைதான். ஏற்கெனவே 600 பிரதி அடித்துப் பழகிய வரி.